ஒதியங்கட்டைக்குள் சுண்ணாம்புக் கூடு, உள்ளே நீளக்கொம்பு வண்டு: பேரினம் எது?

வேலியோரம்:
இடம் உச்சிப்புளிக்குக் கிழக்கே, கடலிலிருந்து 2 கிலோமீட்டருக்குள். மணல் தரை, சுற்றிலும் பனையும் குடைவேலும். வேலிக்கால் ஒதியன் ஒன்று பட்டுப்போனதால் வெட்டி, அடிக்கட்டையைக் கோடாரியால் பிளந்தபோது மரத்துக்குள் வெள்ளைக் கூடுகள் இருந்தன. முட்டை வடிவம், நீளம் 45 மில்லிமீட்டர், கெட்டியான ஓடு. ஒரு கூட்டை உடைத்ததில் முழு வளர்ச்சியடைந்த வண்டு உயிரோடு இருந்தது. தலை நுனியிலிருந்து இறக்கையுறை முனை வரை 34 மி.மீ. செம்பழுப்பு நிறம், மேலே மங்கிய சாம்பல்மஞ்சள் ரோமம். கொம்பு (தலையிலுள்ள உணர்கொம்பு) உடலைவிட நீளம். பிடித்தால் கிரீச்சிடுகிறது. படங்கள் நான்கு இணைத்திருக்கிறேன், எல்லாமே மேலிருந்து எடுத்தவை. குறைந்தது பேரினம் வரையாவது உறுதியாகச் சொல்ல முடியுமா?

ஊசியும் லேபிளும்:
மேலிருந்து எடுத்த படத்தில் நிறமும் கொம்பின் நீளமும்தான் தெரியும். இந்தக் குடும்பத்தில் அவை இரண்டையும் நம்ப முடியாது. ஒரே இனத்தில் ஆணின் கொம்பு உடலைத் தாண்டிப் போகும், பெண்ணின் கொம்பு உடல் அளவிலேயே நின்றுவிடும். நிறமோ, கூட்டிலிருந்து வெளிவந்து எத்தனை நாளாயிற்று என்பதைப் பொறுத்து மாறும். உங்களுடையது கூட்டிலிருந்தே எடுத்த வண்டு என்பதால் நிறம் இன்னும் முழுதாக ஏறியிருக்காமலும் இருக்கலாம்.

தேவைப்படும் படங்கள்: தலையை நேர் முன்னாலிருந்து ஒன்று. பக்கவாட்டில் கண்ணும் கொம்பின் அடியும் சேர்ந்து தெரியும்படி ஒன்று. முன்மார்பு (தலைக்கு அடுத்த பகுதி) மட்டும், ஒளி பக்கத்திலிருந்து சாய்வாக விழும்படி ஒன்று. நேராக வெளிச்சம் அடித்தால் சுருக்கங்கள் மறைந்துவிடும். வயிற்றுப்புறத்தில் முன்கால் அடிமூட்டும் நடுக்கால் அடிமூட்டும். இறக்கையுறையின் பின்நுனி. கொம்பின் 3 முதல் 10 வரையிலான கணுக்கள். ஒவ்வொரு படத்திலும் மில்லிமீட்டர் அளவுகோல் இருக்கட்டும். 10 மடங்கு கைலென்ஸை போன் கேமரா முன்னால் வைத்தாலே போதும், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

மரக்கடைத் தெரு:
காய்ந்த கட்டையில் செம்பழுப்பு வண்டு என்றால் முதலில் உலர்மரம் துளைக்கும் ஸ்ட்ரோமேடியம் பார்பேட்டம்தான் நினைவுக்கு வரும். நம் பக்கம் பழைய கதவு நிலை, உத்தரம், விறகு அடுக்கு எல்லாவற்றிலும் அதுதான். நூற்றுக்கணக்கான மரவகைகளைத் தின்னும் என்று பழைய வனத்துறைப் பதிவுகளே சொல்கின்றன.

ஊசியும் லேபிளும்:
மரத்தின் நிலையைக் கவனிக்க வேண்டும். ஸ்ட்ரோமேடியம் அறுத்துக் காயவைத்த மரத்திலேயே முட்டையிட்டு, உலர்மரத்திலேயே ஆண்டுக்கணக்கில் புழுவாக வாழக்கூடியது. வெளியே மாவுபோல் தூள் கொட்டும். இங்கே மரம் நின்றபடியே பட்டிருக்கிறது, சேதம் அடிக்கட்டையில் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஸ்ட்ரோமேடியம் கெட்டியான சுண்ணாம்புக் கூடு கட்டாது.

உடலைப் பார்த்தும் பிரிக்கலாம். ஸ்ட்ரோமேடியத்தின் முன்மார்புப் பக்கங்களில் முள் இருக்காது. ஆணுக்கு முன்மார்பின் இரு பக்கமும் ரோமம் அடர்ந்த பள்ளம் இருக்கும். இறக்கையுறை முழுக்கச் சிறு குருணைகள் தெரியும்.

குடைவேல்:
வண்டைப் பார்ப்பதற்கு முன் கூட்டைச் சோதித்துவிடலாம். ஓட்டிலிருந்து நகத்தளவு துண்டை உடைத்து, ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விடுங்கள். பொங்கினால் கால்சியம் கார்பனேட். மண்ணையும் எச்சத்தையும் குழைத்துக் கட்டும் பூவண்டுகளின் கூடு பொங்காது.

நம் கடற்கரையில் இந்தச் சோதனை இரண்டு இடத்தில் ஏமாற்றும். முதலாவது, மணலில் சிப்பித்தூளும் பவளத்தூளும் கலந்திருக்கும். மரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே துண்டைத் தண்ணீரில் கழுவி, உடைந்த உள்முகத்தில் சொட்டு விடவேண்டும். இரண்டாவது, பல்லி முட்டை. மரப்பொந்தில் பல்லி இடும் முட்டையும் வெள்ளைதான், அதுவும் பொங்கும். ஆனால் அது ஒரு சென்டிமீட்டர் அளவில் மெல்லிய ஓட்டோடு, வெளியிலிருந்து எட்டக்கூடிய பொந்தில் இருக்கும். வண்டுக்கூடு மரத்துக்குள் குடைந்த அறையில் கிடக்கும், ஓடு கனமாக இருக்கும், உள்ளே புழு உரித்த தோலும் இருக்கும்.

வேலியோரம்:
ஓட்டைக் கழுவி உள்முகத்தில் வினிகர் விட்டேன், நன்றாகப் பொங்கியது. உள்ளே கூட்டுப்புழுத் தோலும் புழுவின் தலைக்கூடும் இருந்தன. கேட்ட படங்களையும் போட்டிருக்கிறேன். நான் பார்த்த வரை: முகம் முன்னோக்கிச் சரிந்திருக்கிறது. வாயோரத்துச் சிறு உணர்விரல்களின் கடைசிக் கணு கூராக இல்லாமல் வெட்டியதுபோல் முடிகிறது. முன்கால் அடிமூட்டு உருண்டை. முன்மார்பின் மேல் ஒழுங்கில்லாத குறுக்குச் சுருக்கங்கள், பக்கத்துக்கு ஒரு முள். கொம்பின் நடுக்கணுக்கள் சற்றுத் தட்டையாகி, நுனிமூலை கோணமாக நீண்டிருக்கின்றன. இறக்கையுறையின் நுனி வெட்டுப்பட்டதுபோல், தையல் (இரண்டு இறக்கையுறையும் சேரும் நடுக்கோடு) மூலையில் சிறு முள்ளோடு.

வகைப்பாட்டுப் பெட்டி:
இவ்வளவு தெளிவாகக் குறிப்பு வந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. படிப்படியாகப் போகலாம். புதிதாக இதில் இறங்குபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

குடும்பம் செராம்பிசிடே (நீளக்கொம்பு வண்டுகள்) என்பதற்குப் பாதத்தைப் பாருங்கள். மூன்றாம் கணு இரண்டு மடலாகப் பிளந்து, நான்காவது கணு அந்த மடலுக்குள் ஒளிந்து, பார்வைக்கு நான்கே கணுபோல் தெரியும். இலைவண்டுக் குடும்பத்துக்கும் இதே அமைப்புதான், அதனால் அது மட்டும் போதாது. கொம்பு ஒரு மேட்டிலிருந்து எழுந்து, அந்த அடியைச் சுற்றிக் கண் வளைந்து, கொம்பை முதுகோடு மடக்க முடிந்தால் இந்தக் குடும்பம்.

துணைக்குடும்பத்துக்கு நம் கடற்கரையில் மூன்றுதான் அடிக்கடி கைக்கு வரும். முன்மார்பின் பக்கவிளிம்பு தகடுபோல் எழுந்து பல்லோடு இருந்தால் பிரியோனினே. முகம் செங்குத்தாக இறங்கி, உணர்விரல் கூராக முடிந்து, முன் கணைக்காலின் உட்புறம் சாய்வான பள்ளம் ஓடினால் லாமினே. முகம் முன்னோக்கிச் சரிந்து, உணர்விரல் நுனி வெட்டுப்பட்டு, முன்கால் அடிமூட்டு உருண்டையாக இருந்தால் செராம்பிசினே. உங்களுடையது மூன்றாவது, சந்தேகமில்லை. கிரீச்சிடும் ஒலி, முன்மார்பின் பின்விளிம்பு நடுமார்பிலுள்ள நுண்வரித் தட்டில் உரசுவதால் வருவது. லாமினேயிலும் அந்த ஒலி உண்டு. பிரியோனினேவைத் தள்ள உதவும், அவ்வளவுதான்.

வண்டு கிடைக்காமல் புழு மட்டும் கிடைத்தால்: கால் சுத்தமாக இல்லையென்றால் பெரும்பாலும் லாமினே. மூன்று இணை குட்டிக்கால்கள் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று.

அடுத்து குழு, அதாவது துணைக்குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் இடைப்பட்ட படி. கண்ணின் சிறுகண்கள் பெரிதாகக் கரடுமுரடாக இருப்பது இரவில் இயங்கும் வண்டுக்கு அடையாளம். அதோடு முன்மார்பின் குறுக்குச் சுருக்கமும் சேர்ந்தால் செராம்பிசினி குழு. அந்தக் குழுவுக்குள் பக்கமுள், கோணக் கணுக்கள், வெட்டுப்பட்ட நுனி எல்லாம் ஒன்றுகூடுவது நியோப்ளோசீடெரஸ் பேரினத்தில். டிரைராக்கிஸ் ஹோலோசெரிசியஸாக இருந்தால் இறக்கையுறையின் ரோமம் பட்டுபோல் மின்னி, ஒளியின் திசை மாறும்போது வெளிச்சத் திட்டும் இருட்டுத் திட்டும் இடம் மாறும். முன்மார்புப் பக்கமும் முள்ளில்லாமல் உருண்டிருக்கும். டெரோலஸ் இதைவிடச் சிறியது, அதற்கும் பக்கமுள் கிடையாது.

என் தீர்ப்பு: நியோப்ளோசீடெரஸ், பேரின அளவில் உறுதி.

பாம்பன் காற்று:
பூச்சியியலாளர் கான் 1906இல் பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசைக்கு எழுதிய தொகுதியில் இந்தப் பெயரே இல்லையே? அதில் ப்ளோசீடெரஸ் என்றுதான் இருக்கிறது. முந்திரி வேர், தண்டு துளைப்பான் பற்றிய வேளாண் கையேடுகளிலும் ப்ளோசீடெரஸ் பெருஜினியஸ்தான். எதை எழுதுவது?

வகைப்பாட்டுப் பெட்டி:
இரண்டும் ஒரே வண்டைச் சொல்லும் பெயர்கள்தான். ஆனால் இன்று செல்லுபடியாவது ஒன்றுதான். ஒரு பேரினப் பெயர் அதன் மாதிரி இனத்தோடு, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் குறித்த ஓர் இனத்தோடு, கட்டப்பட்டது. ப்ளோசீடெரஸ் என்ற பெயருக்கு மாதிரி இனம் அமெரிக்கக் கண்டத்து வண்டு. ஆசிய, ஆப்பிரிக்க வண்டுகள் அதனோடு ஒரே பேரினத்தில் சேராதவை என்று கொண்டால், பெயர் மாதிரி இனத்தோடு அமெரிக்காவில் தங்கிவிடும், நம் வண்டுகளுக்கு வேறு பெயர் வேண்டும். 1991இல் வகைப்பாட்டாளர் சாமா அதைச் செய்து நியோப்ளோசீடெரஸ் என்று பெயரிட்டார். லின்னேயஸ் 1758இல் விவரித்த பெருஜினியஸும், கான் 1890இல் விவரித்த ஒபிசஸும் இப்போது அதற்குள் வருகின்றன.

கானின் தொகுதியை ஒதுக்கவேண்டாம். பிரியோனினேக்கும் செராம்பிசினேக்கும் இந்திய அளவில் இன்றும் முதலில் திறக்கவேண்டிய திறவுகோல் (அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்கும் பட்டியல்) அதுதான். லாமினே மட்டும் அதில் இல்லை. அதைத் தெரியாமல் ஒரு லாமினே வண்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திறவுகோலில் போனால், ஏதோ ஒரு செராம்பிசினே பெயரில் கொண்டுபோய் விட்டுவிடும். பெரும்பாலான தப்பு அடையாளங்கள் இங்கேதான் பிறக்கின்றன. பேரினப் பெயரை அதில் எடுத்தபின் இன்றைய பெயர் என்ன என்று தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஏயோலெஸ்தஸ் என்று அதில் உள்ள ஹோலோசெரிசியாவும் 2017இல் விட்டாலி முதலானோர் செய்த திருத்தத்துக்குப் பின் டிரைராக்கிஸ் ஆகிவிட்டது.

மரக்கடைத் தெரு:
அப்படியானால் களத்தில் இதைவிட எளிய வழி இருக்கிறதே. சுண்ணாம்புக் கூடு இருந்தால் நியோப்ளோசீடெரஸ். கண்ணையும் கணுவையும் எண்ணவேண்டிய தேவை என்ன?

வகைப்பாட்டுப் பெட்டி:
அதை ஏற்க மாட்டேன். சுண்ணாம்பு சுரப்பது அந்தப் பேரினத்துக்கு மட்டும் உரியதல்ல. புழு தன் கழிவுக்குழல்களில் கால்சியத்தைத் தேக்கி, கூட்டுப்புழு ஆகும் நேரத்தில் வெளியே கக்கிக் கட்டுகிறது. செராம்பிசினி குழுவில் பல பேரினங்கள் இதைச் செய்கின்றன. சால் மரத்தைத் துளைக்கும் ஹோப்லோசெராம்பிக்ஸும், ஐரோப்பாவின் செராம்பிக்ஸ் செர்டோவும் அறையின் வாயைச் சுண்ணாம்புத் தகட்டால் அடைக்கின்றன. நியோப்ளோசீடெரஸ் தகட்டோடு நிற்காமல் முழுக்கூடாகவே கட்டும். ஆகவே கட்டையைப் பிளக்கும்போது தகடு மட்டுமா, எல்லாப் பக்கமும் மூடிய கூடா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முழுக்கூடு என்றால் அந்தப் பக்கம் வலுவான சாட்சி. ஆனால் பெயரைத் தீர்மானிப்பது உடலமைப்புதான்.

கோடாரியடியில் கூடு நொறுங்கிவிட்டால் தகட்டையும் கூட்டையும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். நார்ப்போக்கில் உளியை வைத்து மெல்லப் பிளப்பது நல்லது.

பனங்காட்டுக் கிழக்கு:
மரத்தை வைத்துச் சொல்ல முடியாதா? முந்திரித் துளைப்பான் முந்திரிக்கு உரியது, இது ஒதியன். இரண்டும் வேறாகத்தானே இருக்கவேண்டும்?

குடைவேல்:
ஒதியன், முந்திரி, மா மூன்றும் ஒரே அனகார்டியேசி குடும்பம். ஒபிசஸ் ஒதியனில் வளர்வது பழைய வனத்துறைப் பதிவுகளிலேயே உண்டு, முந்திரியிலும் அதைப் பார்க்கிறார்கள். ஒரு வண்டுக்குப் பல மரம், ஒரு மரத்துக்குப் பல வண்டு. மரத்தின் பெயரை லேபிளில் கட்டாயம் எழுதவேண்டும், ஆனால் அதிலிருந்து வண்டின் பெயரை ஊகிக்கக் கூடாது.

இங்கேயே கருவேலையும் சீமைக் கருவேலையும் எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்மரத்தின் அடியிலும் வேரிலும் துளைப்பது பெரும்பாலும் செலோஸ்டெர்னா ஸ்கேப்ரேட்டர், அது லாமினே. இறக்கையுறையில் பளபளக்கும் கருங்குருணைகள், வளர்ந்த வண்டு இளங்கிளைப் பட்டையைக் கறம்பித் தின்னும் பழக்கம், இரண்டும் அதைக் காட்டிக்கொடுக்கும். அதே மரத்தை வெட்டி விறகாக அடுக்கினால் வருவது வேறு பேரினங்கள். மரத்தின் பெயர் மாறவில்லை, நிலைதான் மாறியிருக்கிறது. மாமரத் தண்டில் பெரிய துளை கண்டு கேட்பவர்களுக்கும் இதே பதில்: அங்கே பேட்டோசெரா ரூபோமாகுலேட்டாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அதுவும் லாமினே.

பாம்பன் காற்று:
பேரினம் சரி. இனம் பெருஜினியஸா ஒபிசஸா?

வகைப்பாட்டுப் பெட்டி:
பெருஜினியஸில் தலையும் முன்மார்பும் கருத்து, இறக்கையுறை செம்பழுப்பாகத் தனித்துத் தெரியும். ஒபிசஸில் உடல் முழுதும் ஒரே செம்பழுப்பு, மேலே சாம்பல்மஞ்சள் ரோமம். படத்தைப் பார்த்தால் ஒபிசஸ் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் இது கூட்டிலிருந்து எடுத்த வண்டு, நிறம் கணக்கில் வராது. மீதிக் கூடுகளில் உள்ளவை தாமாக வெளிவந்தபின் ஆணும் பெண்ணுமாகப் பார்த்து, ஆண் உறுப்பையும் பிரித்துப் பார்த்தபின் இனப்பெயர் எழுதுவோம். அதுவரை பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மையான அடையாளம்.

ஊசியும் லேபிளும்:
மீதிக் கட்டையை வளர்ப்புக் கூண்டில் வைப்பதற்கான விவரம் இதோ.

45 முதல் 60 சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, இரு முனைகளையும் உருக்கிய மெழுகால் அடையுங்கள். அடைக்காவிட்டால் இந்தக் கடற்காற்றிலும் வெயிலிலும் சீக்கிரம் காய்ந்து, உள்ளிருக்கும் புழு குன்றிப்போகும், வண்டு சிறுத்து வரும், அளவு பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். ஊறினால் பூஞ்சை பிடித்துக் கூட்டுப்புழு செத்துவிடும். நைலான் வலை வேண்டாம், இந்த வண்டுகள் கடித்துக்கொண்டு வெளியேறிவிடும். துருப்பிடிக்காத கம்பிவலை அல்லது மூடியில் துளையிட்ட தகர டின். கூண்டின் கால்களை சோப்புத்தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்பு ஏறினால் ஓர் இரவில் வெறும் ஓடுதான் மிஞ்சும்.

வெளிவந்த வண்டை உடனே கொல்லாதீர்கள், நிறம் ஏறச் சில நாள் விடுங்கள். பிறகு 48 மணி நேரம் ஃப்ரீசர். ஈத்தைல் அசிடேட் வேகமாக வேலை செய்யும், ஆனால் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். டிஎன்ஏ வேண்டுமென்றால் நடுக்கால் ஒன்றைப் பிரித்து 95 சதவீத ஆல்கஹாலில் தனிக் குப்பியில் போட்டு, உடலுக்கும் குப்பிக்கும் ஒரே எண் கொடுங்கள். முழு வண்டையும் ஆல்கஹாலில் போட்டால் ரோமம் ஒட்டிப் படிந்துவிடும். டிரைராக்கிஸையும் நியோப்ளோசீடெரஸையும் பிரிக்க உதவும் அடையாளங்களில் ஒன்று அந்த ரோமம். பார்மலின் எந்த நிலையிலும் வேண்டாம்.

ஊசி வலது இறக்கையுறையின் முன்பாகத்தில் இறங்கவேண்டும், நடுத்தையலில் குத்தக் கூடாது. கொம்புகளை முதுகோரமாகப் பின்னால் மடக்கி வையுங்கள், பக்கவாட்டில் நீட்டினால் பெட்டி மூடும்போது உடையும். துருப்பிடிக்காத எஃகு ஊசியே வாங்குங்கள். உப்புக்காற்றில் மற்றவை பச்சையாகக் களிம்பேறி உடலையே பிளந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்த இடத்தில் காயவே காயாது, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் 10 நாளாவது இருக்கட்டும். மரம் துளைக்கும் வண்டுகளில் கொழுப்பு அதிகம். மாதங்கள் கழித்து எண்ணெய் கசிந்து ரோமம் கருத்தால் ஓரிரவு அசிட்டோனில் ஊறவைத்து எடுங்கள், நிறம் திரும்பிவிடும்.

வகைப்பாட்டுப் பெட்டி:
ஆண் உறுப்பைப் பிரிக்க: காய்ந்த வண்டாக இருந்தால் முதலில் ஈரப்பதப் பெட்டியில் வைத்து இளக்குங்கள். வயிற்றின் கடைசிக் கண்டத்துக்கு அடியில் வளைந்த ஊசியால் வெளியே இழுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வெந்நீர்த் தொட்டியில் 10 முதல் 15 நிமிடம். அதிக நேரம் விட்டால் நிறமே போய், விளிம்பு தெரியாத கண்ணாடியாகிவிடும். எடுத்தவுடன் ஒரு சொட்டு வினிகர் கலந்த தண்ணீரில் அலசி, கிளிசரினில் வைத்துப் பாருங்கள். பிறகு சிறு குப்பியில் கிளிசரினோடு அடைத்து, அதே ஊசியில் வண்டுக்குக் கீழே குத்திவிடலாம். தனி டப்பாவில் வைத்த உறுப்புகள் எந்த வண்டுக்கு உரியவை என்று பிறகு யாராலும் சொல்ல முடிவதில்லை.

டிஎன்ஏ பார்கோடு சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள துண்டு. அது நெருங்கிய இனங்களைப் பிரிக்க நன்றாக உதவும், பேரின எல்லையைத் தீர்மானிக்க அது மட்டும் போதாது. தரவுத்தளத்தில் ஒப்பிட நம் பகுதி வண்டு இல்லையென்றால், வேறு ஏதோ வண்டின் பெயரோடு 88 சதவீதப் பொருத்தம் என்று வரும். அதைப் பெயராக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாம்பன் காற்று:
சேகரிப்பவர்கள் கவனத்துக்கு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது, பட்ட மரமாக இருந்தாலும் சரி. வனத்துறைக்கு உட்பட்ட காப்புக்காடு, காரங்காடு அலையாத்தி போன்ற இடங்களுக்கும் அனுமதி தேவை. சொந்த நிலத்து வேலிக்கட்டை வேறு விஷயம். மாதிரியை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவதாக இருந்தால் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே வரும். சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தைக் கேட்காமல் தபாலில் போடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க உள்நாட்டிலேயே டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்திலும், கொல்கத்தா விலங்கியல் ஆய்வகத்திலும், கோவையில் வேளாண் பல்கலைக்கழகப் பூச்சி அருங்காட்சியகத்திலும் பெயரிட்ட மாதிரிகள் இருக்கின்றன.

வேலியோரம்:
எல்லாம் குறித்துக்கொண்டேன். கட்டைகளை மெழுகிட்டுத் தகர டின்னில் வைத்தாயிற்று. லேபிளில் என்ன எழுதுவது என்று மட்டும் சரிபாருங்கள்.

ஊசியும் லேபிளும்:
இரண்டு லேபிள். மேலே உள்ளது களத் தகவல், அது என்றும் மாறாது: "இந்தியா, தமிழ்நாடு, ராமநாதபுரம் மாவட்டம், உச்சிப்புளி கிழக்கு, மணற்பாங்கு, வேலி, ஒதியன், நின்று பட்ட மரத்தின் அடிக்கட்டை, முழு மூடிய சுண்ணாம்புக் கூட்டிலிருந்து கையால் எடுத்தது". அதோடு ஆள்கூறு தசமத்தில் நான்கு இலக்கம், கட்டை பிளந்த நாள், எடுத்தவர் பெயர். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதினால் நாளும் மாதமும் குழம்பாது. கூண்டில் தாமாக வெளிவருபவற்றுக்கு வெட்டிய நாள், வெளிவந்த நாள் இரண்டையும் எழுதவேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் வண்டு எந்தப் பருவத்தில் பறக்கிறது என்று படிப்பவர் தவறாக எடுத்துக்கொள்வார்.

கீழே உள்ளது அடையாள லேபிள்: "நியோப்ளோசீடெரஸ் சாமா, 1991, இனம் தீர்மானிக்கப்படவில்லை", தீர்மானித்தவர், ஆண்டு. இனம் தெரிந்ததும் இதைக் கிழித்துவிடாமல் புதியதை இதன் கீழே குத்துங்கள். உடைந்த கூட்டின் ஓட்டையும் ஜெலட்டின் கேப்ஸ்யூலில் போட்டு அதே ஊசியில் சேர்த்துவிடுங்கள்.